கடையிலேயே தமிழ் எழுதிப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 68 வயது. ஜோஹன்னஸ்பர்கில் இருக்கும் மகன், புதிதாக வந்திருக்கும் ஐபேடை எனக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறான். பேரனுக்கு ஆறு வயது. வீடியோவில் அவனுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்க ஆசை. தமிழ்ப் பத்திரிகைகளைப் பெரிய எழுத்தில் படிக்கவும் வேண்டும். வாங்கலாமா?
– ஓர் ஆயா, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வாங்கலாம் அக்கா. ஆனால் மகன் வாங்கி அனுப்புவதற்கு முன்னால் நீங்களே ஒருமுறை கடைக்குப் போய் அதைக் கையில் பிடித்துப் பாருங்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்காக நானும் அதே ஐபேடைத்தான், 2025 மார்ச்சில் வெளிவந்ததை, வாங்கினேன். கடையில் முக்கால் மணி நேரம் நின்றேன். விற்பனைக்கு நின்ற தம்பி சிப்பின் வேகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டியது வேறு. ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து, கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கின்றனவா, எழுத்தைப் பெரிதாக்கினால் வரி உடைகிறதா என்று பார்த்தேன். அப்புறம் அமைப்புகளில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து என் பெயரை எழுதினேன்.

அந்த விசைப்பலகைக்காகத் தனியாக எதையும் இறக்க வேண்டாம். 2013 முதலே தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு தமிழ் விசைப்பலகை முறைகளும் உள்ளேயே வருகின்றன. ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழ் எழுதிப் பழகியவர்களுக்கு அஞ்சல் எளிது. நீங்கள் புதிதாகத் தொடங்குவதால் தமிழ்99 எடுங்கள். க அடித்து இ அடித்தால் கி வரும். க-வை இருமுறை அடித்தால் முதல் க-வுக்குப் புள்ளி தானே விழும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதைப் பேரன் கண்ணாலேயே பார்ப்பான். கரும்பலகையில் பல வருடம் நான் வாயால் விளக்கியதை என் மாணவர்கள் இதில் ஒரே காலையில் பிடித்துக்கொண்டார்கள்.

எழுத்து வடிவம் பழக்க ஒரு பேனாவும் வேண்டும். ஐபேடின் பெட்டியில் பேனா வராது, தனியாகத்தான் வாங்க வேண்டும். 2025 ஏப்ரலில் வந்த சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்10 எஃப்இ என்ற டேப்லெட்டில் பேனா பெட்டியோடு வருகிறது. மெமரி கார்டு போட இடமும் உண்டு. என் மாணவி ஒருத்தியின் வீட்டில் அதில் ‘ழ’ எழுதிப் பார்த்தேன். உள்ளங்கையைத் திரையில் ஊன்றிக்கொண்டே எழுத முடிந்தது, தேவையில்லாத கோடு எதுவும் விழவில்லை. எனவே விலையை ஒப்பிடும்போது பேனாவையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அப்படியிருந்தும் நான் ஐபேடை எடுத்ததற்குக் காரணம் என் மகளிடம் இருப்பதும் அதுதான். எங்கேயாவது சிக்கிக்கொண்டால், ‘அம்மா, மேலே வலது மூலையைத் தொடு’ என்று போனிலேயே சொல்லிவிடுகிறாள். உங்கள் மகனிடம் எது இருக்கிறதோ அதையே நீங்களும் எடுப்பது நல்லது.

இரண்டுமே அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவுதான். கேட்கும்போது லேசாகத் தோன்றும். ஆனால் கட்டிலில் சாய்ந்து அரை மணி நேரம் படித்ததில் எனக்கு மணிக்கட்டு வலித்தது. நிறுத்தி வைக்கிற மாதிரி உறை ஒன்று கட்டாயம் வாங்குங்கள். நம் டர்பன் வெயிலில் வராண்டாவில் உட்கார்ந்தால் ஐபேட் திரையில் என் முகம்தான் தெரிகிறது, அதனால் நான் உள்ளேதான் படிக்கிறேன். மின்சாரம் போனால் வைஃபையும் போய்விடும். 2023-இல் லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டோடு பட்டதை நாம் யாரும் மறக்கவில்லை. படிக்க வேண்டியதை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் பழந்தமிழ் நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சில வருடங்களுக்கு முன் தள்ளுபடியில் ஒரு மலிவு டேப்லெட் வாங்கினேன். நான்காம் மாதமே சார்ஜ் ஏறவில்லை. ‘பழுது பார்க்க அனுப்புவோம், அவ்வளவுதான்’ என்று கடையில் கையை விரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகுதான் நம் தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றித் தெரிந்தது. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் அதன் குறையால் கெட்டால் பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று முடிவு செய்ய வேண்டியது வாங்கியவர்தான், கடைக்காரர் இல்லை. அதைச் சொல்லும் 56-ஆம் பிரிவை அச்செடுத்துக்கொண்டு மறுபடி போனேன். முழுப் பணமும் வந்தது. ஆனால் கடையில் பார்த்து வாங்கிய பிறகு பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பித் தரும் உரிமை இந்தச் சட்டத்தில் இல்லை. இணையத்தில் வாங்கினால் பொதுவாக ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. அதனால்தான் முதலில் கடைக்குப் போங்கள் என்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து தம்பி வருகிறான். அங்கே ஐபேடின் தொடக்க விலை 349 டாலராம். வாங்கி வரச் சொல்லலாமா?
– வாசகர், டோங்காட்

பதில்: அந்த விலையில் அங்கத்திய விற்பனை வரி சேரவில்லை. நம் கடைகளில் எழுதியிருக்கும் விலையில் 15 சதவீத வாட் வரி அடக்கம். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல்தான் பலர் ‘அங்கே மலிவு’ என்கிறார்கள். ஒரு பயணி தீர்வை இல்லாமல் கொண்டுவர அனுமதி 5,000 ராண்ட் வரைதான், அதற்கு மேல் போனால் சுங்கத்தில் சொல்லிக் கட்ட வேண்டும். மேலே சொன்ன ஆறு மாத உரிமையை வைத்து அமெரிக்கக் கடைக்காரரோடு வாதாடவும் முடியாது. நான் இங்கேயே வாங்குவேன்.

கேள்வி: மறைந்த அப்பா கோயிலுக்காகத் தட்டச்சு செய்த பஜனைப் பாடல்கள் பழைய கணினியில் இருந்தன. புது டேப்லெட்டில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரிகின்றன. எல்லாம் போய்விட்டதா?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: போகவில்லை அம்மா, கவலைப்படாதீர்கள். நீங்கள் அனுப்பிய ஒரு வரியைப் பார்த்தேன். அப்பா பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கிற பழைய முறை. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்றுதான் வரும். இன்றைய கருவிகள் பயன்படுத்தும் யூனிகோடு முறையில் தமிழுக்குச் சொந்த இடம் இருக்கிறது. பாமினியை யூனிகோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசம். பழைய கணினி இன்னும் ஓடினால் முதலில் கோப்புகளுக்கு இரண்டு படி எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு பாடலாக நகலெடுத்து மாற்றியில் ஒட்டி, வருவதைத் தனிக் கோப்பில் சேமியுங்கள். பாட்டின் நடுவே அப்பா ராகத்தின் பெயரையோ தேதியையோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அதையும் அந்த மாற்றி தமிழாக நினைத்துக் குழப்பிவிடும். ஸ்ரீ, ஜ, ஷ வரும் இடங்களையும் ஒருமுறை பாருங்கள். மூலக்கோப்பை மட்டும் எக்காரணத்துக்காகவும் அழிக்க வேண்டாம்.

மாற்றியதை அச்செடுத்து அனுப்புங்கள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று நானே உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.