இயெமொதோ யார், நதோரி யார்? ஜப்பானியச் சொல் கேள்வி-பதில்

இயெமொதோ, சோகே, ஹொங்கே மூன்றும் ஒன்றுதானா? அகராதியில் எல்லாம் ‘தலைமைக் குடும்பம்’ என்றே வருகிறது.

மூன்றிலும் ‘வீடு’ என்ற எழுத்து இருப்பதால் வந்த குழப்பம். மேலே ஒரு கூரை, அதன் கீழே ஒரு பன்றி. அந்த எழுத்தின் அமைப்பே அதுதான். தனியாக நின்றால் ‘இயெ’, கூட்டுச் சொல்லில் ‘கே’ என்றும் வரும்.

ஹொங்கே என்றால் மூத்த கிளை. பிரிந்து போனது புங்கே. இதற்குக் கலையே வேண்டாம், விவசாயக் குடும்பத்துக்கும் பொருந்தும். இயெமொதோ அப்படியல்ல: தேநீர், மலர், நடனம் போன்ற கலைகளில் ஒரு மரபின் தலைவர். நோ நாடகக்காரர்கள் அதே பதவியைச் சோகே என்பார்கள்.

வாரிசு இல்லாவிட்டால் மரபு அறுந்துவிடுமா?

அதற்குத்தான் யோஷி (தத்துப்பிள்ளை) இருக்கிறதே! மருமகனையே தத்தெடுத்தால் முகோயோஷி. கபுகி நாடகத்தில் இச்சிகாவா தஞ்ஜூரோ என்ற பெயரை ஏற்கும் நடிகர் வரிசையைப் பாருங்கள். ஒன்பதாமவர் 1903-இல் இறந்தபோது ஆண் வாரிசு இல்லை. மகளை மணந்திருந்தவர் வங்கி ஊழியர். பிறகு அவரே மேடை ஏறினார். ஆனால் உயிரோடு இருந்தவரை தஞ்ஜூரோ ஆகவில்லை. 1956-இல் இறந்த பிறகுதான் ‘பத்தாம் தஞ்ஜூரோ’ என்ற பெயரைச் சூட்டினார்கள். அவர் தத்தெடுத்த பிள்ளை, வேறொரு கபுகிக் குடும்பத்தின் மூத்த மகன். 1962-இல் பதினோராமவர் ஆனார். இப்படிப் பெயர் ஏற்பதற்குச் ‘ஷூமெய்’ என்று பெயர். பதின்மூன்றாமவர் ஏற்றது 2022 நவம்பரில். ஆனால் அரங்கிலிருந்து ரசிகர்கள் ‘நரிதாயா!’ என்று கத்துவது ஆளின் பெயரை அல்ல, வீட்டின் பெயரை (யாகோ). எனக்கு இந்தச் சொற்களில் பிடித்ததே இதுதான்: ரத்தம் மாறலாம், வாசல் பெயர் மாறாது.

ஒமொதேசென்கே, உரசென்கே: இவற்றுக்கு என்ன பொருள்?

முன்புறச் சென் வீடு, பின்புறச் சென் வீடு. அவ்வளவுதான். தேநீர்க் கலைஞர் சென் நோ ரிக்யூவின் பேரன் சோதான், கியோத்தோவில் இருந்த முன்பக்க வீட்டை ஒரு மகனிடம் விட்டுவிட்டு, பின்னால் ஒரு சிறு குடில் கட்டிக்கொண்டு போனார். அது இன்னொரு மகனுக்குப் போயிற்று. மூன்றாவது கிளையான முஷாகோஜிசென்கே என்பதில் இருப்பது தெருப்பெயர். அதைத் தொடங்கிய மகன், அரக்குப் பூச்சு வேலை செய்யும் வீட்டுக்குத் தத்துப் போய்த் திரும்பி வந்தவர்!

‘ரியூ’ என்பதைப் ‘பள்ளி’ என்று மொழிபெயர்க்கலாமா?

வேண்டாம், வாசகர் கரும்பலகையைத் தேடுவார். எழுத்தின் நேர்ப்பொருள் ஓட்டம், நீரோட்டம். நம் ‘பாணி’ கிட்டத்தட்டப் பொருந்தும். அமைப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் ‘மரபு’ என்று போடுங்கள்.

நதோரி?

‘பெயர் எடுத்தவர்’. பாராட்டு அல்ல, உரிமம்: நடனத்தில் தேறியவர் ஹனயாகி, ஃபுஜிமா என்று மரபின் குடும்பப் பெயரையே தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம். அதற்குக் கட்டணமும் உண்டு.