ஆர்டர் இருக்கு, காசு இல்லை!

கேள்வி: ஐந்து லேத், 11 பேர் உள்ள பட்டறை. ஆர்டர் குறையவில்லை. ஆனாலும் சம்பளத்துக்கே வங்கி ஓ.டி.யில் (ஓவர்டிராஃப்ட் கடன்) எடுக்கிறேன். கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷின் வாங்கினால் நிமிர்ந்துவிடலாம் என்கிறான் மகன். வாங்கலாமா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: இப்போது வேண்டாம். இருக்கிற ஓட்டையோடு மாதத் தவணையும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு நோட்டில் அடுத்த 13 வாரங்களுக்குக் கோடு போடுங்கள். எந்த வாரம் எந்த கஸ்டமர் பணம் வரும், எதற்குப் போகும் என்று எழுதுங்கள். பில் தேதியை எழுதாதீர்கள். அந்த கஸ்டமர் வழக்கமாகப் பணம் தரும் தேதியை எழுதுங்கள். மாதம் 1 லட்சத்துக்கு பில் போட்டு 90 நாள் கழித்து வாங்கினால், 3 லட்சம் எப்போதும் வெளியே நிற்கிறது. ஓ.டி. வட்டி 12 சதவீதம் என்றால் மாதம் 3,000 ரூபாய். அந்த வேலையில் உங்கள் லாபமே 5 சதவீதம், அதாவது 5,000 ரூபாய்தான் என்றால், மூன்று பங்கு வங்கிக்கு, இரண்டு பங்கு உங்களுக்கு. "பெரிய பார்ட்டி" என்று நாம் தாங்கிப் பிடிக்கிற கஸ்டமர்தான் பெரும்பாலும் இந்தக் கணக்கில் மாட்டுவார்.

சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருந்தால், பில்லிலேயே அந்த எண்ணை அச்சடியுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வாங்குபவர் பணத்தை 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. நோட்டீஸ் விட்டால் ஆர்டர் போய்விடுமோ என்ற பயம் நியாயமானதே. வாங்குபவரின் ஆண்டு விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் என்றால் முதலில் ட்ரெட்ஸ் (பில்லை வைத்து வங்கிகள் பணம் தரும் இணையத் தளம்) தளத்தில் பில்லை ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். அவர் ஏற்றுக்கொண்ட பில்லுக்கு, வட்டி கழித்து, முன்கூட்டியே பணம் வந்துவிடும். அவர் பிறகு கட்டாவிட்டாலும் உங்களிடம் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

அடுத்தது செட்டிங், அதாவது ஒரு ஜாப் முடிந்து அடுத்த ஜாப்புக்கு மெஷினைத் தயார் செய்வது. ஒரு லேத்தில் நாளைக்கு இரண்டு ஜாப் மாற்றம், தலா ஒன்றரை மணி நேரம் என்றால், எட்டு மணி ஷிஃப்டில் மூன்று மணி போச்சு. அந்த ஒன்றரை மணியில் ஸ்பானர் தேடியது எவ்வளவு, டிராயிங் தேடியது எவ்வளவு என்று செல்போனில் படம் எடுத்துப் பாருங்கள். டூல், ஜாப்பைப் பிடிக்கும் ஜா, அளவு பார்க்கும் கேஜ் எல்லாம் முந்தைய ஜாப் ஓடும்போதே டிரேயில் தயாராக இருக்கட்டும். டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ்ஸின் நான்கு மணி நேர மாற்றத்தை ஷிங்கோ என்பவர் கடைசியில் மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவந்தது, மெஷின் ஓடும்போதே செய்யக்கூடிய வேலையை இப்படித் தனியே பிரித்துத்தான். உங்களுக்கு முக்கால் மணி ஆனாலே போதும். இரண்டு மாதம் இப்படி ஓடிய பிறகும் மெஷின் நேரம் போதவில்லையென்றால் சி.என்.சி. பற்றிப் பேசலாம்.

கேள்வி: செலவைக் குறைக்க முதலில் ஆளைக் குறைக்கச் சொல்கிறார் ஆடிட்டர். சரியா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: ஆட்குறைப்புப் பேச்சு கிளம்பினாலே முதலில் கிளம்புவது செட்டிங் தெரிந்தவர்தான், மணலியில் அவருக்கு மறுநாளே வேலை கிடைக்கும். இரட்டைச் சம்பளம் போகிற ஓவர்டைமை முதலில் நிறுத்துங்கள். பித்தளைத் துருவலை இரும்போடு கலக்காமல் தனியாக எடைபோட்டு விற்கச் சொல்லுங்கள். ஆட்களிடம் பிடித்த பி.எஃப். பணத்தை மட்டும் சரக்கு வாங்கத் திருப்பாதீர்கள். அது அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.