நான் எம்மாத்திரம்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். மோசே சலித்துப்போய், இந்த ஜனங்களைச் சுமப்பதைவிட என்னைக் கொன்றுவிடும் என்று கடவுளிடம் மன்றாடும் வேதாகமத்தின் எண்ணாகமப் பகுதியைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகுதான் உங்களிடம் இதைக் கேட்கலாம் என்று தோன்றியது.

எனக்கு 54 வயது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்துச் சபை எங்களுடையது. எங்கள் பெண்கள் சங்கத்துக்குத் தலைவியாக இருக்கச் சொல்லி என்னை மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் மறுத்துவிட்டேன். நூறு பேருக்குச் சமைக்கச் சொன்னால் சமைத்துவிடுவேன். மைக்கைக் கையில் கொடுத்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைப் போதகர் ஐயர், எகிப்தில் அடிமைப்பட்டிருந்த எபிரேயரை மீட்டுவரக் கடவுள் மோசேயை அழைத்ததைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். மோசே மறுத்தது தாழ்மையால் அல்ல, அவிசுவாசத்தால். அதனால்தான் கர்த்தருக்குக் கோபம் வந்தது என்றார். என் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் அம்மாவோ, பூமியிலுள்ள எல்லா மனிதரிலும் மோசேதான் சாந்தகுணமுள்ளவன் என்று வசனத்தோடு சொல்லிக்கொண்டிருப்பார்கள். எது சரி? மறுப்பது தாழ்மையா, அவிசுவாசமா?

என் ஓரகத்தி, "நீங்கள் தலைவியாக இருங்கள் அக்கா, மேடையில் நான் பேசிக்கொள்கிறேன்" என்கிறாள். அது என்ன முறை என்று அவளையும் வாயடைத்துவிட்டேன்.

பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் யாத்திராகமத்தின் மூன்றாம், நான்காம் அதிகாரங்களை ஒரே மூச்சில் மறுபடி வாசித்தேன். நான் சபைக்குள் பிறந்தவனில்லை. ஆனாலும் இந்த இரண்டு அதிகாரங்களும் என்னோடு வெகுகாலமாக இருக்கின்றன. மாமனார் எத்திரோவின் ஆடுகளை ஓட்டிக்கொண்டு, வனாந்தரத்தின் பின்புறத்தில் ஓரேப் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் ஒரு கிழவர். எகிப்தின் ராஜாவான பார்வோனிடம் பேசும்போது அவருக்கு 80 வயது, கூட நிற்கும் அண்ணன் ஆரோனுக்கு 83 என்று வேதமே கணக்கு வைத்திருக்கிறது. எரிந்தும் வெந்துபோகாத முட்செடிக்கு முன்னால் பாதரட்சையைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நின்று ஐந்து தடவை மறுக்கிறார்.

முதல் மறுப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் பதில் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. "நான் எம்மாத்திரம்" என்கிறான் மோசே. அருமையான தமிழ். ஆனால் அந்த அழகில் ஒரு சரடு மறைந்துபோகிறது. எபிரேயத்தில் அது "மீ அனோகி", அதாவது "நான் யார்?" இந்த "யார்" என்ற சொல் இதற்கு முன்பே ஒரு தடவை மோசேயின் காதில் விழுந்திருக்கிறது. எகிப்தில் எபிரேயனை அடித்த ஒருவனைக் கொன்று மணலில் புதைத்த மறுநாள், சண்டையிட்டுக்கொண்டிருந்த இரண்டு எபிரேயரை விலக்கப் போகிறான். அவர்களில் குற்றவாளி திருப்பிக் கேட்கிறான்: "எங்கள்மேல் உன்னை அதிகாரியாகவும் நியாயாதிபதியாகவும் ஏற்படுத்தினவன் யார்?" அன்று மோசேயிடம் அதற்குப் பதில் இல்லை. பயந்து மீதியான் தேசத்துக்கு ஓடிவிட்டான். புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகளில், கல்லெறிந்து கொல்லப்பட்ட சீடர் ஸ்தேவான் இந்தக் காட்சியைத் தன் கடைசிப் பேச்சில் நினைவுகூர்கிறார். தன் கையால் தேவன் அவர்களை மீட்பார் என்பதைச் சகோதரர் அறிந்துகொள்வார்கள் என்று மோசே நினைத்தான், அவர்களோ அறியவில்லை என்கிறார். அப்போது அவனுக்கு 40 வயது. முட்செடியருகே நிற்பதற்குள் இன்னும் 40 ஆண்டுகள் போய்விட்டன.

ஆகவே ஓரேபில் நிற்பது பொறுப்பையே அறியாத கூச்சக்காரன் அல்ல. யாரும் கூப்பிடாமலே ஒருமுறை தலைமை ஏற்கப் போய், தன் சொந்த ஜனங்களாலேயே "நீ யார்?" என்று விரட்டப்பட்டவன். அந்தக் கேள்வியை நாற்பது வருடம் ஆடுகளோடு சுமந்து, இப்போது தானே தன்னைக் கேட்டுக்கொள்கிறான். இதைத் தாழ்மை என்றோ அவிசுவாசம் என்றோ ஒரே சொல்லில் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. அது ஒரு பழைய காயம்.

கர்த்தரின் பதிலைக் கவனியுங்கள். "நீ அரண்மனையில் வளர்ந்தவன், எகிப்தியரின் சாஸ்திரம் கற்றவன், உன்னால் முடியும்" என்று ஒரு வார்த்தை கூட இல்லை. "நான் யார்?" என்ற கேள்வியே அப்படியே விடப்படுகிறது. "நான் உன்னோடே இருப்பேன்" என்பதுதான் பதில். அடுத்து மோசே கடவுளின் பெயரைக் கேட்கும்போது வருவது "இருக்கிறவராக இருக்கிறேன்". எபிரேயத்தில் "உன்னோடே இருப்பேன்" என்பதிலும் இந்தப் பெயரிலும் வருவது "எஹ்யே" என்ற ஒரே சொல். தமிழிலும் "இரு" என்ற வேர் இரண்டையும் இணைத்துக்கொண்டே நிற்கிறது.

இனி உங்களை நேரடியாகத் தொடும் நான்காவது மறுப்பு. "நான் வாக்குவல்லவன் அல்ல, நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்." எபிரேயம் இதைக் "கனத்த வாய், கனத்த நாக்கு" என்கிறது. அங்கே வரும் "காவேத்", அதாவது கனமானது, என்ற சொல் மோசேயின் கதை முழுவதும் கூடவே நடந்து வருகிறது. பார்வோனின் இருதயம் கடினப்பட்டது என்று நாம் வாசிக்கும் இடங்கள் சிலவற்றில் இருப்பது இதே சொல்தான். வாய் கனத்தவன் ஒருவன், இருதயம் கனத்தவன் ஒருவன், இருவரும் ஒரே சபாமண்டபத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். பிறகு அமலேக்கியரோடு யுத்தம் நடக்கும்போது மோசேயின் கைகள் கனத்துப்போகின்றன. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவனை உட்காரவைத்து, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவன் மறுபக்கமும் கைகளைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதன்பின் மாமனார் எத்திரோ வந்து, காலைமுதல் சாயங்காலம்வரை மருமகன் தனியாக உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பதைப் பார்த்து, இது உமக்கு மிகவும் பாரமான காரியம் என்கிறார். அங்கும் அதே "காவேத்". நீங்கள் குறிப்பிட்ட எண்ணாகமப் பகுதியிலும், தன்னால் இதைத் தாங்க முடியாது என்று மோசே அழும்போது அதே சொல்தான். கனம் கடைசிவரை போகவேயில்லை. அந்த நாக்கு குணமானதாக வேதத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் யார் என்று கேட்ட கடவுள், அந்த வாயைச் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லவில்லை. நான் உன் வாயோடே இருப்பேன் என்று மட்டும் சொல்கிறார்.

ஐந்தாவது மறுப்பில் காரணமே கிடையாது. "நீர் அனுப்பச் சித்தமாயிருக்கிற யாரையாகிலும் அனுப்பும்." அப்போதுதான் கோபம் மூளுகிறது. உங்கள் ஐயர் சொன்னதில் உள்ள நியாயம் இங்கே இருக்கிறது, அதை நான் மறைக்க மாட்டேன். முதல் நான்கையும் கர்த்தர் பொறுமையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். "உன் கையிலிருக்கிறது என்ன?" என்று கேட்டு, அவனுடைய மேய்ச்சல் கோலையே பாம்பாக்கினார். விலகி ஓடியவனை வாலைப் பிடிக்கச் சொன்னார். பாம்பை வாலில் பிடிக்கக் கூடாது என்று எந்த மேய்ப்பனுக்கும் தெரியும், அவன் பிடித்தான். அந்த அளவுக்கு நம்பியவனை அவிசுவாசி என்று எப்படிச் சொல்வது? தயக்கத்துக்கு இடம் இருந்தது, கேள்விக்கு இடம் இருந்தது. பேச்சே வேண்டாம் என்று கதவைச் சாத்தியபோதுதான் கோபம் வந்தது.

யூத ஞானிகள் இந்த இடத்தில் நம்மைவிட நிதானமாக நின்றிருக்கிறார்கள். பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி (1040–1105), முட்செடியருகே கர்த்தர் மோசேயை ஏழு நாள் வருந்தி அழைத்தார் என்ற மரபைப் பதிவுசெய்கிறார். மோசே இவ்வளவு மறுத்ததற்கு அவர் சொல்லும் காரணம்தான் என்னை உலுக்கியது: தன்னைவிட மூத்தவனான ஆரோனுக்கு மேலே உயர மோசேக்கு மனமில்லை. அதனால்தான் கர்த்தர், அண்ணன் உன்னைக் காணும்போது அவன் இருதயம் மகிழும் என்கிறார். அண்ணன் பொறாமைப்பட மாட்டான், மனதுக்குள்ளேயே சந்தோஷப்படுவான் என்று ஒரு தம்பிக்குச் சொல்லும் உறுதிமொழி அது. கிறிஸ்தவத் தந்தையரில் நசியான்சின் கிரகோரியார் நான்காம் நூற்றாண்டில் குருப்பட்டம் பெற்றவுடன் ஊரைவிட்டே ஓடியவர். திரும்பி வந்து தன் ஓட்டத்துக்கு விளக்கம் சொன்னபோது மோசேயையும், அழைப்புக்குத் தயங்கிய தீர்க்கதரிசி எரேமியாவையும் துணைக்கு அழைத்தார். உடனே "இதோ, என்னை அனுப்பும்" என்ற தீர்க்கதரிசி ஏசாயாவையும் அங்கேயே சேர்த்துக்கொண்டார். தயங்கியவர்களையும் சரி, முந்தியவர்களையும் சரி, அவர் குறைசொல்லவில்லை.

ஆனால் தயக்கத்தையே தகுதியாக ஆக்கிவிடவும் கூடாது. இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலை எண்ணிப் பாருங்கள். ராஜாவாகத் தெரிந்துகொள்ளப்பட்ட அன்று தளவாடங்களுக்குள் போய் ஒளிந்துகொண்டவன் அவன். அதே சவுல்தான் பின்னாளில் சிங்காசனத்தை விடமாட்டாமல் தாவீதைக் குத்திப்போட ஈட்டியை எறிந்தான். உங்கள் அம்மா சொன்ன வசனம் உண்மை, ஆனால் அது முட்செடியருகே சொல்லப்பட்டதல்ல. வெகுநாள் கழித்து, சொந்த அக்காவும் அண்ணனும் மோசேக்கு விரோதமாகப் பேசி, அவன் வாய் திறக்காமல் இருந்த வேளையில் சொல்லப்பட்டது.

நான் மிகவும் போற்றும் இடம் யாத்திராகமம் 32. அதே மலை. முட்செடி எரிந்த ஓரேபுக்குத்தான் சீனாய் என்றும் பெயர். அடிவாரத்தில் ஜனங்கள் ஒரு பொன் கன்றுக்குட்டியைத் தெய்வமாக்கி அதைச் சுற்றி ஆடுகிறார்கள். கர்த்தர் மோசேயிடம் சொல்கிறார்: நான் இவர்களை அழித்துப்போட நீ என்னை விட்டுவிடு, உன்னை ஒரு பெரிய ஜாதியாக்குவேன். எந்தத் தலைவனுக்கும் இதைவிடப் பெரிய வாய்ப்பு வந்ததில்லை. முணுமுணுக்கும் கூட்டம் ஒழிந்துபோகும், தன் பெயரிலேயே ஒரு வம்சம் எழும். மோசே மறுபடியும் மறுக்கிறான். முன்பு இந்த ஜனங்களுக்காகப் போகமாட்டேன் என்று மறுத்தவன், இப்போது இவர்கள் இல்லாத எதுவும் எனக்கு வேண்டாம் என்று மறுக்கிறான். அவர்கள் பாவத்தை மன்னியும், இல்லாவிட்டால் உம்முடைய புஸ்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும் என்கிறான். திக்குவாய் என்று சொன்னவன் இங்கே எங்குமே தடுமாறவில்லை. மலைக்குக் கீழே அந்தக் கன்றை வார்த்துக் கொடுத்தவனோ ஆரோன், "நன்றாய்ப் பேசுகிறவன்" என்று கர்த்தரே சொன்ன அண்ணன். நாற்பது நாள் தம்பி பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் உங்கள் ஓரகத்தியை வாயடைத்தீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். கர்த்தரின் கோபம் மூண்ட அந்த வசனத்தை முழுதாகப் படித்துப் பாருங்கள். தண்டனை இல்லை. உன் அண்ணன் ஆரோன் இருக்கிறான் அல்லவா, இதோ, அவன் உன்னைச் சந்திக்கப் புறப்பட்டுவருகிறான் என்றுதான் இருக்கிறது. மோசே இன்னும் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் எகிப்திலிருந்து கிளம்பிவிட்டான். பிறகு இருவரும் தேவபர்வதத்தில் சந்திக்கிறார்கள், ஆரோன் தம்பியை முத்தமிடுகிறான்.

அவளிடம் போய்ப் பேசுங்கள். நான்காம் தடவை கேட்க வரும்போது இருவருமாகச் சேர்ந்து பதில் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் மேடையில் அவளே பேசட்டும், ஆனால் அவள் பேசும்போது முதல் வரிசையில் நீங்கள் உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்.