கம்பி தொட்டும் இணையவில்லையே?

கேள்வி: மின்னணுச் சுற்றுகளை வடிவமைக்கும் கிகேட் (KiCad) மென்பொருளில் சுற்று வரைபடம் வரைகிறேன். கம்பி பாகத்தின் முனையைத் தொடுவதுபோல் தெரிந்தும், சோதனையில் இணைப்பில்லை என்றே வருகிறது. பாகத்தை நகர்த்தினால் கம்பியும் பிரிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: திரையைப் பெரிதாக்கி, அந்த முனையை உற்றுப் பாருங்கள். அங்கே சிறு வட்டம் ஒன்று இன்னும் தெரிந்தால் இணைப்பு நிகழவில்லை. சரியாக இணைந்த கணமே அது மறைந்துவிடும். பெரும்பாலும் குற்றம் கட்ட இடைவெளியில்தான், அதாவது பாகங்களும் கம்பிகளும் பொருந்தி நிற்க வேண்டிய திரைக் கட்டங்களின் (grid) அளவில்தான் இருக்கும். இயல்பாக 50 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 1.27 மில்லிமீட்டர் என்றிருக்கும் அந்த அளவு, விசைப்பலகையில் 'என்' எழுத்தைத் தெரியாமல் தட்டினாலே மாறிவிடுவதால், திரையின் அடிப்பட்டையில் அதை அடிக்கடி கவனிப்பது மிகவும் அவசியம். அளவை 50 மில்லுக்கு மீட்டபின், விலகிய பாகங்களைத் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்குப் பட்டியலில் உள்ள கட்டத்தோடு சீரமைக்கும் கட்டளையைக் கொடுங்கள்.

கம்பி பிரிவதற்குக் காரணம் நீங்கள் 'எம்' விசையைப் பயன்படுத்துவதாக இருக்கலாம். அது பாகத்தை மட்டும் எடுத்துச் செல்லும். 'ஜி' விசையோ கம்பிகளையும் சேர்த்து இழுத்து வரும். இந்த வேறுபாட்டைப் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மற்ற குறுக்குவிசைகளின் முழுப் பட்டியலையும் கன்ட்ரோல், எஃப்1 விசைகளைச் சேர்த்து அழுத்திப் பார்க்கலாம்.