காலை 7 மணி மருந்து, 11.30 மணி போன்

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது, எடை 16 கிலோ. மழலையர் வகுப்பில் சேர்த்து ஐந்து மாதம் ஆகிறது. சளி இல்லாத வாரமே இல்லை. போன மாதம் ஒருநாள் காலையில் உடம்பு லேசாகச் சுட்டது. 7 மணிக்குப் பாராசிட்டமால் சிரப் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்து விளையாட ஆரம்பித்துவிட்டான், அனுப்பிவிட்டேன். 11.30-க்குப் பள்ளியிலிருந்து போன்: "பையனுக்கு உடம்பு அனலாக் கொதிக்குது, வந்து கூட்டிட்டுப் போங்க." போனபோது ஆசிரியை முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பயத்தில் அடுத்த முறை வெறும் மூக்கொழுகலுக்கே வீட்டில் வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் மூன்று நாள் லீவு போனது. "சளிக்கெல்லாமா பிள்ளையை வீட்டில் உட்கார வைப்பாய்?" என்கிறார் மாமியார். இதற்கிடையே சில நாள் காலையில் வயிறு வலிக்கிறது என்கிறான். நிஜமா, சாக்கா தெரியவில்லை. எப்போது அனுப்பலாம், எப்போது கூடாது?
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அனுப்பக் கூடாத நாளில் அனுப்பியிருக்கிறீர்கள். அனுப்பியிருக்கக்கூடிய நாளில் நிறுத்தியிருக்கிறீர்கள். நிறைய வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. மூக்கு ஒழுகுவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, காய்ச்சல் மருந்துக்குள் ஒளிந்துகொள்கிறது.

முதலில் அந்த 7 மணி சிரப். பாராசிட்டமால் கொடுத்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். 7 மணியோடு நாலரை மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், போன் வந்த நேரம் வந்துவிடும். மருந்து சூட்டை இறக்குமே தவிர, காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை ஒன்றும் செய்யாது. 8 மணிக்கு நீங்கள் பார்த்த துறுதுறுப்பு மருந்து தந்தது. அதை வைத்து உடம்பு தேவலை என்று முடிவெடுத்ததுதான் பிசகு. ஆகவே, காய்ச்சல் மருந்து கொடுத்தால்தான் பள்ளிக்குப் போக முடியும் என்ற நிலையில் பிள்ளை இருந்தால் அன்று பள்ளி வேண்டாம். திரும்ப அனுப்புவதற்கும் இதே கணக்குதான்: மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும். முந்தைய இரவு 10 மணிக்கு மருந்து கொடுத்துவிட்டுக் காலையில் 'சூடே இல்லை' என்று சொன்னால் அது கணக்கில் சேராது.

மருந்தைப் பற்றிய பேச்சு வந்ததால் அளவையும் சொல்லிவிடுகிறோம், இதில் தவறு அடிக்கடி நடக்கிறது. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. உங்கள் மகனின் 16 கிலோவுக்கு 160 முதல் 240 மி.கி. ஆனால் சிரப் எல்லாம் ஒரே அடர்த்தியில் வருவதில்லை. 5 மி.லி.யில் 120 மி.கி. இருப்பதும் உண்டு, 250 மி.கி. இருப்பதும் உண்டு. முதலாவதில் 7 முதல் 10 மி.லி. வரை கொடுக்கலாம், இரண்டாவதில் 3 முதல் 4.5 மி.லி.யே போதும். போன முறை வாங்கிய பாட்டிலின் அளவை இந்த முறை வாங்கிய பாட்டிலுக்குப் பயன்படுத்தினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். லேபிளைப் படியுங்கள். சமையல் ஸ்பூனில் ஊற்றாமல் மருந்தோடு வரும் அளவுக் கோப்பையையோ சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். சில சளி மருந்துகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். ஆஸ்பிரினைக் குழந்தைகளுக்கு நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

'லேசாகச் சுட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். தொட்டுப் பார்ப்பதை நம்பி முடிவெடுக்க முடியாது. உங்கள் கை குளிர்ந்திருந்தால் சாதாரண உடம்பும் சுடும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அக்குளில் வியர்வையைத் துடைத்து, நுனி அக்குளின் ஆழத்தில் தோலைத் தொடும்படி வைத்து, கையை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒலி வரும்வரை. போர்வைக்குள்ளிருந்து எழுந்த உடனேயும், குளித்த உடனேயும், ஓடியாடிய உடனேயும் வைத்தால் அளவு தப்பும். 20 நிமிடம் பொறுங்கள். காய்ச்சலுக்கான கோடு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட். அக்குளில் பார்க்கும்போது உள்சூட்டைவிட ஏறக்குறைய அரை டிகிரி செல்சியஸ் குறைவாகவே காட்டும். அதனால் அக்குளில் 37.5 என்றாலே சந்தேகப்படுங்கள். இன்னொன்று: மனித உடம்பின் சூடு விடியற்காலையில்தான் மிகக் குறைவு, பொழுது ஏற ஏற அதுவும் ஏறி மாலையில் உச்சத்துக்கு வரும். காலை 6.30-க்கே ஊசலாட்டமான அளவு காட்டினால் மதியம் அது இறங்கியிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இனி சளி. இதில் உங்கள் மாமியார் சொல்வது சரி. சிறு குழந்தைகளுக்கு வருடத்துக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு. பள்ளியில் சேர்ந்த முதல் வருடத்தில் இன்னும் கூடலாம். ஒவ்வொன்றும் 7 முதல் 10 நாள் இழுக்கும். ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொற்றிக்கொள்வதால்தான் 'சளி இல்லாத வாரமே இல்லை' என்று தோன்றுகிறது. ஒவ்வொரு சளிக்கும் முழுதாக ஓயும்வரை லீவு என்று கணக்கிட்டால் வருடத்தில் 80 நாள் போய்விடும். அதனால் மற்ற பிள்ளைகளுக்கும் பெரிய லாபமில்லை. சளி அதிகம் பரவுவது முதல் இரண்டு மூன்று நாட்களில். மூக்கு ஒழுகத் தொடங்குவதற்கு முன்பே பரவ ஆரம்பித்துவிடுகிறது. ஆறாம் நாள் ஒழுகலுக்கு வீட்டில் வைப்பது, மழை நின்ற பிறகு குடை பிடிப்பது மாதிரி.

நீர் போல ஒழுகிய மூக்கு மூன்றாம் நாளில் மஞ்சளாக, பச்சையாகக் கெட்டிப்படும். நிறம் மாறியதும் ஆன்டிபயாடிக் தேடி ஓட வேண்டாம். சளியோடு போராடும் வெள்ளணுக்களால் வரும் நிறம் அது. வைரஸ் சளியின் வழக்கமான போக்கே இதுதான். பத்து நாள் கடந்தும் குறையவே இல்லை என்றாலோ, தணிந்துகொண்டு வந்தது திடீரென்று காய்ச்சலோடு திரும்பினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

இருமல் சளியைவிட நீண்டு, இரண்டு மூன்று வாரம்கூட நிற்கும். அவ்வப்போது இருமிக்கொண்டே விளையாடுகிறான் என்றால் போகட்டும். இருமி இருமி வாந்தி எடுக்கிறான், இரவெல்லாம் தூங்கவில்லை, மூச்சில் விசில் சத்தம் கேட்கிறது என்றால் கூடாது. சந்தேகமாக இருந்தால் மூச்சை எண்ணுங்கள். அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்க வேண்டாம், பிள்ளைகளின் மூச்சு சீராக இராது. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் அன்றே மருத்துவர். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே மார்பு உள்ளே குழிந்தால் பள்ளியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், நேராக மருத்துவமனை.

தெர்மாமீட்டரும் கடிகாரமும் சொல்லாததைப் பிள்ளையே சொல்லிவிடுவான். உடம்பு சரியில்லாத சந்தேகம் இருக்கும் நாளில் முக்கால் மணி நேரம் முன்னதாக எழுப்பி, மருந்து எதுவும் கொடுக்காமல் கவனியுங்கள். தானாகப் போய் ஒரு விளையாட்டுச் சாமானை எடுக்கிறானா? தண்ணீர் குடிக்கிறானா, வழக்கம்போல் சிறுநீர் போகிறானா? சாப்பாடு கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை, குடிப்பது குறையக் கூடாது. மடியை விட்டு இறங்காமல் ஒட்டிக்கொண்டே இருக்கிறான் என்றால், சூடு 37 என்று காட்டினாலும் நிறுத்திவிடுங்கள். வகுப்பில் அவனை மடியில் வைத்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு பிள்ளைக்கு ஆசிரியை தரக்கூடியதைவிட அதிகக் கவனிப்பு தேவைப்படும் நாள், நோய் சிறியதாக இருந்தாலும், வீட்டில் இருக்க வேண்டிய நாள்தான்.

வாந்தி, வயிற்றுப்போக்கு விஷயத்தில் மட்டும் தாட்சண்யம் காட்டாதீர்கள். கடைசியாக வாந்தியோ பேதியோ ஆன நேரத்திலிருந்து 48 மணி நேரம் வீடு. சில பள்ளிகள் 24 மணி நேரம் போதும் என்கின்றன. எங்கள் யோசனை 48. இந்தக் கிருமிகள் ஒரு வகுப்பையே இரண்டே நாளில் படுக்கவைக்கும். பிள்ளை தேறிய பிறகும் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். இவற்றில் முக்கியமான நோரோவைரஸுக்குக் கை சானிட்டைசர் சரிப்படாது. சோப்புப் போட்டு 20 வினாடி தேய்த்துக் கழுவுவதுதான் பலன் தரும். வாந்தி எடுத்ததும் டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தால் அதுவும் வெளியே வரும். பத்து நிமிடம் விட்டு, ஓ.ஆர்.எஸ். கரைசலை ஓரிரு நிமிடத்துக்கு ஒரு முறை 5 மி.லி. வீதம் கொடுங்கள். ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 100 முதல் 200 மி.லி. பாக்கெட்டில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அத்தனையில், முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். பாதி பாதியாகக் கரைத்தால் உப்பின் அளவு தவறும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். சின்னம்மை என்றால் கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை, பெரும்பாலும் ஐந்தாறு நாள். தட்டம்மைக்குத் தடிப்பு வந்த நாளிலிருந்து நான்கு நாள். பாக்டீரியாவால் வந்த தொண்டைப் புண் என்று மருத்துவர் சொல்லி ஆன்டிபயாடிக் தொடங்கினால், முதல் வேளையிலிருந்து ஒரு நாள் கழித்து, காய்ச்சலும் விட்டிருந்தால் அனுப்பலாம். பேன் இருக்கிறது என்பதற்காகப் பாதி நாளில் வீட்டுக்கு அழைத்து வரத் தேவையில்லை. மாலையில் மருந்து போட்டால் போதும். கண் சிவந்து பீளை தள்ளினால் பள்ளியின் விதியைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் வயது என்பதால் ஓரிரு நாள் வைத்துக்கொள்வதில் தவறில்லை. காய்ச்சலோடு சேர்ந்து உடம்பில் தடிப்பு வந்தால், என்னவென்று தெரியும்வரை அனுப்ப வேண்டாம். கண்ணாடி டம்ளரால் அழுத்தியும் மறையாத புள்ளிகள் என்றால் அவசரம். இரவானாலும் உடனே கிளம்புங்கள்.

அடுத்த முறை 11.30-க்குப் போன் வந்தால் 'வரணுமா, வேண்டாமா?' என்று கேட்காதீர்கள், 'வாங்க' என்பதுதான் பதிலாக இருக்கும். அளந்தார்களா, எத்தனை டிகிரி என்று கேளுங்கள். தண்ணீர் குடித்தானா, மற்றவர்களோடு இருக்கிறானா, தனியாகத் தலை சாய்த்துப் படுத்திருக்கிறானா என்று கேளுங்கள். மூக்குதான் ஒழுகுகிறது, மற்றபடி விளையாடுகிறான் என்றால், ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு மறுபடி அழைக்கச் சொல்வதில் தப்பில்லை. 38 தொட்டுவிட்டது, அல்லது படுத்துவிட்டான் என்றால் பேச்சை வளர்க்காமல் கிளம்புங்கள். உங்களால் உடனே போக முடியாத நாளுக்கு, கூட்டி வரக்கூடிய இரண்டு பேரின் பெயரை முன்கூட்டியே பள்ளியில் கொடுத்து வையுங்கள். வேறு ஏதாவது மருந்து கொடுத்து அனுப்பும் நாளில் பெயர், அளவு, கொடுத்த நேரம் மூன்றையும் தாளில் எழுதி ஆசிரியையின் கையில் கொடுங்கள். ஆசிரியையின் கோபம் பெரும்பாலும் காய்ச்சலைப் பற்றியதல்ல, மறைத்து அனுப்பியதைப் பற்றியது.

கடைசியாக வயிற்றுவலி. 'நிஜமா, சாக்கா' என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். பள்ளியைப் பற்றிய பயத்திலும் வயிறு உண்மையாகவே வலிக்கும். இரண்டு வாரத்துக்கு நாள்காட்டியில் குறித்து வாருங்கள்: வலித்த நாள், நேரம், எங்கே வலித்தது, அன்று மலம் கழித்தானா. தொப்புளைச் சுற்றி வலி, ஒரு மணி நேரத்தில் மறைகிறது, விடுமுறை நாளில் வருவதே இல்லை, சாப்பாடும் எடையும் வழக்கம்போல் என்றால் அனுப்பலாம். அதிகம் சமாதானம் சொல்லாமல், சாதாரணக் குரலில். வீட்டில் இருக்கும்படி ஆனால் ஓய்வாக இருக்கட்டும். டிவியும் செல்போனும் கிடைக்கும் நாளாக அது ஆகிவிட்டால் மறுநாளும் வயிறு வலிக்கும். மலம் இறுகி இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறைதான் போகிறான் என்றால் மலச்சிக்கலே காரணமாக இருக்கலாம். பள்ளிக் கழிவறைக்குப் போகப் பயந்து அடக்கிக்கொள்கிற பிள்ளைகள் ஏராளம், 'ஸ்கூல் பிடிக்கலையா?' என்று கேட்பதைவிட 'அங்கே பாத்ரூம் போனியா?' என்று கேட்டால் பதில் வரும். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, குதிக்கச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிக்க மறுப்பது, பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், விதைப்பையில் வலி அல்லது வீக்கம் — இவற்றில் ஒன்று இருந்தாலும் நாள்காட்டியை மூடிவிட்டு உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.