கேளுங்கள், சொல்கிறேன்: மூன்று தடிப் புத்தகமும் வேண்டாம்

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகனும் அவன் கூட்டாளிகளும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடியே தீருவோம் என்கிறார்கள். அதற்கு மூன்று புத்தகமாம், ஒவ்வொன்றும் 300 பக்கத்துக்கு மேல். விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம் அம்மா. பரீட்சைக்கே அவ்வளவு படிக்கிற பையனாகத் தெரியவில்லை!

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் அதில் வரும் கேரக்டர்களாகப் பகடை உருட்டி ஆடும் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தபோது மூன்றே சின்னப் புத்தகம்தான். ஆனால் பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாடிப் பழகியவர்களைத் தவிர யாருக்கும் தலைகால் புரியாது. ஜே. எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தானாக முன்வந்து, புதியவர்களுக்கு ஏற்றபடி அதைத் திருத்தி எழுதிக்கொடுத்தார். 1977-இல் வந்த அந்த அறிமுகப் பெட்டியில் விதிப் புத்தகம் 48 பக்கம்தான். கேரக்டர்கள் மூன்றாவது லெவல் வரை வளர்வதோடு நிறுத்திக்கொண்டார், கெட்டிக்காரர்.

என் ஓட்டு 1983-இல் ஃப்ராங்க் மென்ட்ஸர் எழுதிய சிவப்புப் பெட்டிக்கு. எடுத்த எடுப்பில் விதி கிடையாது, கதைதான். நீங்கள் ஒரு வீரர், குகைக்குள் நுழைகிறீர்கள், பாம்பு ஒன்று எதிர்ப்படுகிறது. 'ஹிட் பாயின்ட்' (எவ்வளவு அடி தாங்கலாம் என்ற கணக்கு) என்றால் என்ன என்பதையே அந்தப் பாம்போடு மல்லுக்கட்ட வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பார்.

உங்கள் பையனுக்கு முதல் நாள் தெரிய வேண்டியது இவ்வளவுதான். "மதில் ஏறிக் குதிக்கிறேன்" என்கிறான். கதை நடத்துபவர் "15 வேணும்" என்கிறார். இருபது முகப் பகடையை உருட்டுகிறான், 12 விழுகிறது. அவன் கேரக்டரின் உடல் பலத்துக்கு 3 கூட்டினால் 15. ஏறிவிட்டான். 11 விழுந்திருந்தால் மதிலுக்கு இந்தப் பக்கமேதான். மந்திரம், மாயம், நூறு வகைப் பூதம் எல்லாம் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடிப்படை விதிகளை இந்த விளையாட்டை வெளியிடும் நிறுவனமே 2014-இல் இருந்து இணையத்தில் இலவசமாகத் தருகிறது. கதை நடத்தப் போகிறவன் மட்டும் முன்கூட்டிப் படித்துவிட்டு வரட்டும். "அது சின்னப் பசங்க ஆட்டம்" என்று பெரிய புத்தகம் வாங்கியவர்கள் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். போட்ட காசுக்கு அப்படித்தான் பேசுவார்கள்.

கேள்வி: இருபது முகப் பகடை எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. லூடோ பகடை போதுமா?

பதில்: போதாது. ஆனால் கவலை வேண்டாம். 1979 வாக்கில் இந்த விளையாட்டை விற்றவர்களுக்கே பகடைத் தட்டுப்பாடு வந்து, எண் அச்சடித்த அட்டைச் சீட்டுகளைப் பெட்டியில் வைத்து விற்றார்கள். நீங்களும் 1 முதல் 20 வரை ஒரே அளவுச் சீட்டில் எழுதி, டம்ளரில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே எந்த எண் மிச்சம் என்று பயல்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள்.