சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் சர்வர் உள்ளே விடவில்லையா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் நிறைய, ஒரே எந்திரத்துக்குள் பல கணினிகளை ஓட்டும் மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸ் போட்ட சர்வரின் லாகின் பக்கத்தில் மாட்டிக்கொண்டவர்களிடமிருந்து. காரணம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் தனித்தனியாகவே பதில் சொல்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: பதறிப்போய் சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், திரும்ப இன்ஸ்டால் செய்யும் பேச்சே வேண்டாம். உள்ளே ஓடும் விஎம் (மெய்நிகர் கணினி) ஒவ்வொன்றும் தனி ப்ராசஸ். வெப் பக்கம் படுத்துவிட்டாலும் அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பில்லிங் மென்பொருளை, லாகின் வரவில்லை என்பதற்காக நாமே நிறுத்திவிடக் கூடாது.

கேள்வி: அலுவலகத்தில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் பிராக்ஸ்மாக்ஸ் போட்டு இரண்டு விஎம் ஓட்டுகிறோம். நேற்று வரை ஒழுங்காக இருந்தது. இன்று ரூட் (தலைமை நிர்வாகி) பாஸ்வேர்டு கொடுத்தால் ‘லாகின் ஃபெயில்ட், ப்ளீஸ் ட்ரை அகெய்ன்’ என்கிறது. அதே பாஸ்வேர்டில், தொலைவிலிருந்து கட்டளை அடிக்கும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போக முடிகிறது. எங்கே கோளாறு?

பதில்: எஸ்எஸ்ஹெச் வேலை செய்கிறது என்று சொன்னீர்களே, பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது. பாஸ்வேர்டு சரி, நெட்வொர்க் சரி, டிஸ்க்கும் பெரும்பாலும் சரி.

லாகின் பெட்டியில் பாஸ்வேர்டுக்குக் கீழே ‘ரெல்ம்’ என்று ஒரு பட்டியல் இருக்கும், நிறையப் பேர் அதைக் கவனிப்பதே இல்லை. புதிதாகப் போட்ட சர்வரில் அதில் இரண்டு தேர்வுகள் இருக்கும். ஒன்று அடியில் இருக்கும் லினக்ஸின் கணக்குகளான லினக்ஸ் பிஏஎம், இன்னொன்று பிராக்ஸ்மாக்ஸின் சொந்தக் கணக்குப் பட்டியலான பிவிஇ. ஒரே கட்டடத்தில் இரண்டு அலுவலகம், இரண்டுக்கும் தனித்தனி வருகைப் பதிவேடு என்பது மாதிரிதான் இது. ரூட் பெயர் பிஏஎம் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. பிவிஇயைத் தேர்ந்தெடுத்துவிட்டு ரூட் பாஸ்வேர்டை எத்தனை முறை சரியாக அடித்தாலும் கதவு திறக்காது, ஏன் திறக்கவில்லை என்றும் சொல்லாது. பாஸ்வேர்டு தப்பானாலும் ரெல்ம் தப்பானாலும் வருவது ஒரே செய்திதான். உள்ளே நுழையப் பார்ப்பவனுக்குத் துப்பு கொடுக்கக் கூடாது என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள், அது சரிதான்.

நேற்று வரை வேலை செய்தது இன்று எப்படி மாறும் என்று கேட்பீர்கள். அலுவலகக் கணக்குகளை ஒரே இடத்தில் வைக்கும் ஆக்டிவ் டைரக்டரியையோ எல்டாப்பையோ யாராவது புதிதாகச் சேர்த்து, அதையே இயல்புத் தேர்வாக ‘டீஃபால்ட்’ என்று டிக் செய்திருந்தால், எல்லோருடைய லாகின் பெட்டியிலும் ரெல்ம் அதுவாக மாறி நிற்கும். முதலில் அந்தப் பட்டியலைத் திறந்து லினக்ஸ் பிஏஎம் என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

அதிலும் சரியாகவில்லையா, சரி, இனி ஊகம் வேண்டாம், சர்வர் எழுதி வைக்கும் பதிவான லாகைப் படிக்கலாம். எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே போய், லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையை, பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பிவிஇடீமன் சேவைக்கு மட்டும், புதிய வரிகள் வர வரக் காட்டும்படி ஓடவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே பிரவுசரில் ஒருமுறை லாகின் செய்யுங்கள். ‘ஆதென்டிகேஷன் ஃபெயிலியர்’ என்று ஒரு வரி வந்தால், அதிலேயே எந்த ஐபியிலிருந்து முயற்சி நடந்தது, எந்தப் பயனர், எந்த ரெல்ம் என்பதெல்லாம் இருக்கும். பெயரின் வாலில் பிஏஎம் என்று இல்லாமல் வேறு ஏதாவது இருந்தால் அதுதான் உங்கள் கோளாறு. ‘சக்சஸ்ஃபுல் ஆத்’ என்று வந்தும் பிரவுசர் உங்களைத் திரும்ப லாகின் பக்கத்துக்கே தள்ளினால், சர்வர் உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது, அது கொடுத்த குக்கீயைத்தான் பிரவுசரோ நடுவில் இருக்கும் ப்ராக்ஸியோ திருப்பிக் கொடுக்கவில்லை. இன்காக்னிட்டோ ஜன்னலில் முயன்று பாருங்கள், முகவரியை எச்டிடிபிஎஸ் என்று முழுதாக அடித்து, 8006 போர்ட்டையும் சேர்த்து, ப்ராக்ஸி எதுவும் நடுவில் இல்லாமல் நேராகப் போய்ப் பாருங்கள்.

ஒரு வரிகூட வரவில்லை என்றால் உங்கள் கோரிக்கை பிவிஇடீமன் வரை போய்ச் சேரவே இல்லை. வெளியே 8006இல் நின்று வாங்குவது பிவிஇப்ராக்ஸி என்ற சேவை, பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் வேலையை அது உள்ளே இருக்கும் பிவிஇடீமனிடம் ஒப்படைக்கிறது. இரண்டையும் ரீஸ்டார்ட் செய்யலாம், விஎம்களுக்கு ஒன்றும் ஆகாது. நான் வேண்டாம் என்று சொல்வது முழு சர்வரையும் ரீஸ்டார்ட் செய்வதைத்தான்.

இன்னொன்று, அந்த லாகில் உங்களுக்குத் தெரியாத ஐபியிலிருந்து வரிசையாகத் தோல்விகள் தெரிந்தால், 8006 போர்ட்டை யாரோ இணையத்துக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை அன்றைக்கே மூடிவிட்டு, வெளியிலிருந்து வர விபிஎன் போடுங்கள்.

கேள்வி: மின்வெட்டுக்குப் பிறகு சர்வர் தானாக எழுந்துவிட்டது. பாஸ்வேர்டை ஏற்கிறது, ஆனால் மொபைலில் வரும் ஆறு இலக்க எண்ணை ஏற்க மறுக்கிறது. மொபைலை மாற்றவில்லை.

பதில்: சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். அந்த ஆறு இலக்கம் நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது, 30 நொடிக்கு ஒருமுறை மாறும். மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோன பழைய எந்திரம், கரண்ட் போய் வந்ததும் ஏதோ ஒரு பழைய தேதியில் கண்விழிக்கும். இணையம் இருந்தால் க்ரோனி சேவை நேரத்தைச் சரிசெய்துவிடும், ஆனால் ரௌட்டர் எழுவதற்குத் தாமதமானாலோ நேரச் சர்வருக்குப் போகும் வழியை ஃபயர்வால் மறித்தாலோ கடிகாரம் அப்படியே நிற்கும். டைம்டேட்சிடிஎல் என்று அடித்தால் இப்போது என்ன நேரம், ஒத்திசைவு நடந்திருக்கிறதா இல்லையா என்று இரண்டும் தெரியும். நேரத்தைச் சரிசெய்யாமல் எண்ணை மட்டும் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள், பதிப்பு 8இலிருந்து தவறான எண்கள் தொடர்ந்தால் அந்த வழியையே பூட்டிவிடுகிறது. பூட்டிவிட்டால் எஸ்எஸ்ஹெச்சில் போய், பயனர் கணக்குகளைக் கையாளும் பிவிஇயூஎம் கட்டளையில் டிஎஃப்ஏ (இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு) அன்லாக் கொடுத்தால் திறக்கும். மொபைலே தொலைந்துவிட்டது என்றால் அதே கட்டளையில் டிஎஃப்ஏ டெலீட் கொடுத்து நீக்கிவிட்டுப் புதிதாகப் பதிவு செய்யலாம். அப்புறம் மறக்காமல் அந்த பேட்டரியை மாற்றுங்கள், பெரும்பாலான போர்டுகளில் சிஆர் 2032 என்ற சாதாரண பேட்டரிதான், கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

கேள்வி: லாகின் பக்கம் வருகிறது, எந்தப் பயனருக்கும் நுழைவு இல்லை. எஸ்எஸ்ஹெச்சில் போனால் எந்தக் கட்டளை கொடுத்தாலும் ‘இடம் இல்லை’ என்ற பிழை வருகிறது. ஆனால் பேக்கப் எல்லாம் தனி யூஎஸ்பி டிஸ்க்குக்குத்தானே போகிறது?

பதில்: போகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அங்கேதான் விஷயம். யூஎஸ்பி டிஸ்க் ஏதோ ஒருநாள் கழன்றிருக்கும், அல்லது ரீபூட்டுக்குப் பிறகு மவுன்ட் ஆகாமல், அதாவது அதற்கான ஃபோல்டரோடு இணையாமல் விட்டிருக்கும். டிஸ்க் இல்லாவிட்டாலும் அது உட்கார்ந்திருந்த ஃபோல்டர் அதே பெயரில் இருக்கத்தானே செய்கிறது? பேக்கப் வேலை இரவில் எழுந்து, அந்த ஃபோல்டரைப் பார்த்து, அதற்குள்ளேயே எழுதிவிட்டுப் போய்விடும். அப்படி எழுதியது எல்லாம் விழுவது சர்வரின் சொந்த ரூட் பார்ட்டிஷனில். சில இரவுகளில் அது நிரம்பிவிடும்.

அது நிரம்பினால் லாகின் ஏன் போக வேண்டும்? பிராக்ஸ்மாக்ஸின் அமைப்புகள் எல்லாம் இருக்கும் இடிசி பிவிஇ (/etc/pve) என்ற ஃபோல்டர் உண்மையில் சாதாரண ஃபோல்டர் இல்லை. ஒரு சிறிய எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை ஃபோல்டர் மாதிரி காட்டும் ஏற்பாடு அது, பயனர் பட்டியலும் லாகின் சீட்டில் கையெழுத்துப் போடும் சாவியும் அதற்குள்தான் இருக்கின்றன. எழுத இடமில்லாமல் அது தடுமாறும்போது லாகினும் சேர்ந்து படுத்துவிடுகிறது.

டிஎஃப் கட்டளையில் ரூட் 100 சதவீதம் என்று காட்டுகிறதா என்று பாருங்கள், ஐனோட் (ஒவ்வொரு கோப்புக்கும் தேவைப்படும் பதிவு இடம்) தீர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், சின்னச் சின்ன கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இடம் இருந்தும் எழுத முடியாமல் போகும். அடுத்தது முக்கியம்: யூஎஸ்பி டிஸ்க் இப்போது மவுன்ட் ஆகியிருந்தால் அதை அன்மவுன்ட் செய்துவிட்டு அந்த ஃபோல்டருக்குள் பாருங்கள். தவறி விழுந்த பேக்கப் கோப்புகள் மவுன்ட்டுக்கு அடியில் மறைந்து கிடக்கும், டிஸ்க் மேலே இருக்கும்வரை கண்ணில் படவே படாது. ‘எதை எண்ணிப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது’ என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இந்த இடத்தில்தான். தேவையில்லாத பேக்கப், பழைய ஐஎஸ்ஓ, ஊதிப்போன ஜர்னல் லாக் இவற்றை நீக்குங்கள். வார் லிப் (/var/lib) ஃபோல்டருக்குள் பிவிஇ கிளஸ்டர் என்று இருப்பதை மட்டும் தொடாதீர்கள், நான் சொன்ன தரவுத்தளம் அங்கேதான் இருக்கிறது. இடம் கிடைத்ததும் பிவிஇ கிளஸ்டர், பிவிஇடீமன், பிவிஇப்ராக்ஸி மூன்று சேவைகளையும் அதே வரிசையில் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இது மறுபடி நடக்காமல் இருக்க, அந்த ஸ்டோரேஜுக்கு ‘இஸ் மவுன்ட்பாயின்ட்’ என்ற அமைப்பை இயக்கி வையுங்கள். டிஸ்க் மவுன்ட் ஆகாவிட்டால் ஸ்டோரேஜே இல்லை என்று பேக்கப் நின்றுவிடும். பேக்கப் தோல்வி என்று ஒரு மெயில் வருவது, சர்வரே பூட்டிக்கொள்வதைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி: ரௌட்டர் மாற்றியதால் சர்வரின் ஐபியை மாற்றினேன். இப்போது வெப் பக்கமே திறக்கவில்லை, மானிட்டரில் மட்டும் பழைய ஐபியே தெரிகிறது.

பதில்: நெட்வொர்க் கோப்பில் மாற்றிவிட்டு ஹோஸ்ட்ஸ் கோப்பை விட்டுவிட்டீர்கள். சர்வர் தன் பெயரைத் தேடும்போது பழைய ஐபி கிடைக்கிறது, மானிட்டரில் வரும் அந்த வரவேற்பு வரியும் அங்கிருந்துதான் எடுத்துக் காட்டுகிறது, அதனால் அதை நம்பாதீர்கள். ஹோஸ்ட்ஸ் கோப்பில் சர்வர் பெயருக்கு எதிரே புதிய ஐபி இருக்க வேண்டும், 127.0.0.1 இருக்கவே கூடாது. பெயருக்குச் சரியான ஐபி கிடைக்காவிட்டால் பிவிஇ கிளஸ்டர் சேவை எழாது. அது எழாவிட்டால் இடிசி பிவிஇ காலியாக இருக்கும், அதற்குள் இருக்க வேண்டிய எஸ்எஸ்எல் சாவி கிடைக்காமல் பிவிஇப்ராக்ஸியும் நின்றுவிடும். ஹோஸ்ட்ஸைத் திருத்திவிட்டு, பிவிசிஎம் கட்டளையில் அப்டேட்செர்ட்ஸ் கொடுத்துச் சான்றிதழையும் புதுப்பியுங்கள்.

கேள்வி: இரண்டு சர்வர்களைக் கிளஸ்டராக இணைத்திருக்கிறேன். ஒன்றில் லாகின் ஆகிறது, இன்னொன்றைக் கிளிக் செய்தால் ‘இன்வாலிட் பிவிஇ டிக்கெட், 401’ என்று சொல்லி வெளியே தள்ளுகிறது.

பதில்: பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், இது பெரும்பாலும் கடிகாரப் பிரச்சினை. லாகின் ஆனதும் சர்வர் உங்களுக்குக் கொடுப்பது, நேரம் குறித்துக் கையெழுத்திட்ட ஒரு சீட்டு, ஆயுள் 2 மணி நேரம். முதல் சர்வர் கொடுத்த சீட்டை இரண்டாவது சர்வர் தன் கடிகாரத்தை வைத்துச் சோதிக்கிறது, இரண்டு கடிகாரமும் வெகுவாக விலகியிருந்தால் காலாவதி என்றோ இன்னும் பிறக்கவே இல்லை என்றோ தள்ளிவிடும். இரண்டிலும் நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நேரம் சரியாக இருந்தால் பிவிசிஎம் ஸ்டேட்டஸ் பார்த்து கோரம், அதாவது முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மை வாக்கு இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இரண்டே சர்வர் உள்ள கிளஸ்டரில் ஒன்று போனால் மற்றதிடம் பெரும்பான்மை இல்லை, அமைப்புகள் எல்லாம் படிக்க மட்டும் என்று மாறிவிடும், லாகின் ஆனாலும் ஒரு விஎம்மைத் தொடங்கக்கூட முடியாது. எதிர்பார்க்கும் வாக்கு ஒன்று என்று பிவிசிஎம்மில் சொல்லித் தற்காலிகமாகச் சமாளிக்கலாம், ஆனால் மற்ற சர்வர் நிஜமாகவே அணைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு மட்டும். கேபிள் மட்டும் கழன்று இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்து, பொது ஸ்டோரேஜில் இருக்கும் ஒரே விஎம்மை இரண்டு பக்கமும் தொடங்கினால், அதன் டிஸ்க் கெட்டுப்போகும். இரண்டு சர்வர் வைத்திருப்பவர்கள், மூன்றாவது வாக்குக்காக ஒரு சின்ன ராஸ்பெர்ரி பை எந்திரத்தில் க்யூடிவைஸ் அமைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: முன்பு இருந்தவர் ரூட் பாஸ்வேர்டைச் சொல்லாமலே வேலையை விட்டுப் போய்விட்டார். வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் எந்திரத்தின் முன்னால் உட்கார வேண்டும், இந்த ஒரு வேலைக்கு மட்டும் ரீபூட்டைத் தவிர்க்க முடியாது. விஎம்களை ஒவ்வொன்றாக உள்ளிருந்தே முறையாக அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். எழும்போது வரும் க்ரப் பட்டியலில் ‘இ’ எழுத்து விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில், ‘init=/bin/bash’ என்று சேர்த்துத் தொடருங்கள். பாஸ்வேர்டு கேட்காமல் டெர்மினல் வரும். ரூட் பார்ட்டிஷனை எழுதும் நிலையில் திரும்ப மவுன்ட் செய்து, பாஸ்டபிள்யூடி கட்டளையில் புதிய பாஸ்வேர்டு வைத்து ரீபூட் செய்யுங்கள். புதிய பாஸ்வேர்டை இப்போதைக்கு எழுத்தும் எண்ணுமாக மட்டும் வையுங்கள், கன்சோலில் கீபோர்டு அமைப்பு வேறாக இருந்தால் அட் குறியும் மேற்கோள் குறியும் இடம் மாறிக்கொள்ளும். உள்ளே போன பிறகு வலுவானதாக மாற்றிக்கொள்ளலாம். பழைய ஆள் உருவாக்கிய மற்ற பயனர்களையும் ஏபிஐ டோக்கன்களையும் எஸ்எஸ்ஹெச் சாவிகளையும் அன்றே பார்த்து நீக்குங்கள், பாஸ்வேர்டை மாற்றினால் அவை போய்விடாது.

கேள்வி: எங்களிடம் இருப்பது பிராக்ஸ்மாக்ஸ் இல்லை, அதே மாதிரி விஎம் ஓட்டும் விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ. பாஸ்வேர்டு மாற்றிய மறுநாளிலிருந்து ரூட் லாகின் அடிக்கடி பூட்டிக்கொள்கிறது.

பதில்: பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு பேக்கப் மென்பொருளோ கண்காணிப்பு மென்பொருளோ இன்னும் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. இப்போதைய பதிப்புகளில் இயல்பாக 5 முறை தவறினால் 15 நிமிடம் பூட்டு. அது திறந்ததும் அந்த மென்பொருள் திரும்ப வந்து தட்டும், திரும்பப் பூட்டும். எந்திரத்தின் மானிட்டரில் எஃப்2 அழுத்தி வரும் மஞ்சள் திரைக்கு இந்தப் பூட்டு கிடையாது, அங்கே புதிய பாஸ்வேர்டு வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு லாகில் எந்த ஐபியிலிருந்து தோல்விகள் வருகின்றன என்று பிடித்து, அந்த மென்பொருளில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இனி அதற்கு ரூட்டைக் கொடுக்காமல், தேவையான உரிமைகள் மட்டும் உள்ள தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கிக் கொடுத்துவிடுங்கள்.